அண்ணே என்று கூப்பிட்ட மகள்

கண்டக்டர் வேலையில் உட்கார நேரம் கிடைக்காது என்பார்கள். நேரம் கிடைத்தும் உட்கார முடியாமல் நான் தவித்த வருஷங்கள் உண்டு.

செல்லூரில் வாடகை வீடு. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். மூத்தது பெண். இளையவளை இப்போது மகள் என்று எழுதுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் மகன் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எட்டாவது படிக்கும்போதே அக்காவின் தாவணியை எடுத்துக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பாள். தெருவில் நடந்தால் தறிக்கூடத்து வாசலில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நிறுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி அவளை அடிப்பது. அடித்தேன். பெல்ட்டாலும் அடித்தேன்.

பசுமலைப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாவது படித்தபோது கூப்பிட்டு அனுப்பினார்கள். "நல்லாத்தான் படிக்குது சார். ஆனா மத்த பெத்தவங்க வந்து சண்டை போடுறாங்க. டி.சி. வாங்கிக்கங்க" என்றார் தலைமையாசிரியர். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை நான். அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும், "நான் என்னப்பா தப்புப் பண்ணேன்?" என்றாள்.

"வாயை மூடிட்டு வா."

அடுத்த வருஷம் அவள் வீட்டைவிட்டுப் போனாள். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பதாகச் சொந்தக்காரர்களிடம் சொன்னோம். யாரும் தேடக் கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். சொன்னவனே தேடினேன். பஸ் நிலையத்தில் காசு கேட்டுக் கைதட்டும் சத்தம் கேட்டால் என் கழுத்து தானாகத் திரும்பும். அவள் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி வரும். அடுத்த நிமிஷமே அந்த நிம்மதி நெஞ்சை அறுக்கும். டிக்கெட் கிழித்துவிட்டு யாருக்குக் கொடுத்தேன் என்று மறந்துபோவேன்.

நாலைந்து வருஷம் இப்படியே ஓடியது. ஒரு நாள் உசிலம்பட்டிக்குப் போகும் நடையில், செக்கானூரணியில் சேலை கட்டிய மூன்று பேர் முன்வாசல் வழியாக ஏறி, இடதுபக்கம் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் என் பிள்ளை. கன்னம் ஒட்டியிருந்தது. பொட்டு வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு நொடி மலர்ந்து உடனே மூடிக்கொண்டது.

"அண்ணே, உசிலம்பட்டி மூணு."

பெற்ற பிள்ளை என்னை அண்ணே என்றாள். பஸ்ஸில் பாதிப் பேர் தினமும் வருகிறவர்கள், என்னைத் தெரிந்தவர்கள். அவர்கள் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிக் கூப்பிட்டாள். எனக்கு அது அப்போதே புரிந்தது. மூன்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "கண்டக்டரு, பொம்பளைக சீட்டுல என்னய்யா இதுக? எந்திரிக்கச் சொல்லு."

காய்கறிக் கூடையோடு நின்ற ஓர் அம்மா திரும்பினாள். "உக்காந்துட்டுப் போகட்டும்ண்ணே. உங்க மடியிலயா உக்காந்திருக்காக?"

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? ஆம்பளையா பொம்பளையா, மொதல்ல அதைச் சொல்லச் சொல்லு."

ஆளாளுக்குப் பேசினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யார் எங்கே உட்காரலாம் என்று சொல்ல வேண்டியவன் நான். "என் மக அது, உக்காரட்டும்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையில் சில்லறையைத் துழாவிக்கொண்டு நின்றேன். அவளே எழுந்தாள். "நிப்பாட்டச் சொல்லுங்கண்ணே, எறங்கிக்கிறோம்" என்றாள். கருமாத்தூர் தாண்டி, ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத இடம். நான் விசில் கொடுத்தேன். மூவரும் இறங்கினார்கள். மறுபடி விசில் கொடுத்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

உசிலம்பட்டியில் டீக்கடைக்குப் போகவில்லை. பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். "என்னண்ணே, எதையும் தொலைச்சிட்டீகளா?" என்றார் டிரைவர். திரும்பும்போது படியில் தொங்கியபடி சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தேன். யாரும் இல்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் வாராவாரம் பிள்ளையோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "உசிலம்பட்டியில வீடு எடுத்து மூணு பேரும் விசேஷத்துக்குச் சமைச்சுப் போடுறாக. நாலு வருசமா எனக்குத் தெரியும். உங்ககிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றாள். ரேஷன் கார்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்களாம். எங்கள் கார்டில் அவள் பெயர் மகன் என்று இருப்பதால், அதை நீக்கிச் சான்று வாங்கி வரச் சொல்கிறார்களாம். குடும்பத் தலைவர் கையெழுத்து வேண்டும். "நான் மாட்டேன்னு சொல்லிட்டேன். எம்புள்ள பேரை நானே அடிக்கச் சொல்லுவேனா?" என்று அழுதாள்.

அடுத்த ஓய்வு நாளில் கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மனைவி தகவல் சொல்லி, மகளும் ரேஷன் ஆபீசுக்கு வந்திருந்தாள். வராந்தாவில் எதிரெதிரே நின்றோம். மன்னிப்புக் கேட்க நினைத்துப் போனவன், "சாப்பிட்டியா?" என்றேன்.

"சாப்பிட்டேன்ப்பா."

உள்ளே போய் கிளார்க்கிடம், "பேரை எடுக்க வேணாம் சார். மகன்ங்கிறதை மகள்னு மாத்திக் குடுங்க" என்றேன். அதைச் சொல்லும்வரை, அப்படிக் கேட்கப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. மகள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கிளார்க் கெட்டவர் இல்லை. படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "ஆண், பெண் ரெண்டுதான் இருக்கு. பொறப்புச் சான்றுல ஆண். நான் எதை வச்சு மாத்துறது?"

"இந்தா நிக்கிறாளே, இவளை வச்சு மாத்துங்க."

"பேச்சு நல்லாருக்கு. மேலதிகாரி கேட்டா நான் என்ன சொல்ல?"

பக்கத்து மேசைப் பெண்மணி, "பெத்தவரே சொல்றாரே சார், எழுதி மேல அனுப்புங்க" என்றார். வரிசையில் நின்ற ஒருவர், இதெல்லாம் ஊரைக் கெடுக்கிற வேலை என்றார். முதல்முறையாக மகளுக்காக நான் ஒருவரை நோக்கிக் குரல் உயர்த்தினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

மனு மேலே போனது. பதில் வரவில்லை. ஏழெட்டு மாதம் அலைந்தும் ஆகாததால் கடைசியில் அவளே, "அடிச்சிருங்கப்பா. எனக்கு அரிசி வேணும், அட்ரஸ் வேணும்" என்றாள். கையெழுத்துப் போட்டேன். எங்கள் கார்டில் அவள் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு விழுந்தது. அதன்பிறகும் அவர்களுக்குக் கார்டு கிடைக்க வருஷங்கள் ஆயின. அரசாங்கம் மூன்றாவதாக ஒரு பிரிவைச் சேர்த்த பிறகுதான் வந்தது.

இப்போது மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறாள். மூத்தவளின் மாமியார் வந்திருக்கும் நாட்களில் மட்டும் வருவதில்லை. அந்த அம்மாவிடம் இன்னும் நாங்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அடுத்த தடவை சொல்லிவிடுவோம் என்று மனைவியிடம் சொல்கிறேன்.