கட்டம் கட்டமாக ஒரு முகம்

தாம்பரம் ஸ்டேஷன் எதிரே டிவிடி கடை வைத்திருந்த பாயின் மூக்கு எப்போதும் டிவி கண்ணாடியை ஒட்டியே இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் ஜப்பான் அனிமே கார்ட்டூன் டிஸ்க் எதையும், வேகமான சண்டைக் காட்சியில் நிறுத்தி, படம் உடைகிறதா என்று பார்க்காமல் விற்கமாட்டார்.

கல்லூரி நாட்களில் ஒருமுறை, ஒரு அனிமே தொடரின் இருபத்தாறு பகுதிகளும் ஒரே டிஸ்கில் அடங்கியதைக் கேட்டேன்.

“அது வேணாம் தம்பி. அவ்ளோத்தையும் ஒண்ணுல அமுக்கினா மூஞ்செல்லாம் கட்டம் கட்டமா ஆயிடும்.”

“பொம்மைப் படம்தானே பாய், பரவாயில்ல.”

அவர் வேறொரு டிஸ்கைப் போட்டார். கல்யாண மண்டபத்தில் பச்சைப் பாவாடை கட்டிய சிறுமி ஒருத்தி ஓடினாள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சதுரங்கள் நகர்ந்தன.

“என் பொண்ணு. வூட்டு கல்யாண கேசட் நாலையும் நான்தான் ஒரே டிஸ்க்ல ஏத்துனேன். எடத்த அடைக்குதுன்னு கேசட்ட தூக்கிப் போட்டுட்டேன். அடுத்த மாசமே காய்ச்சல்ல போயிட்டா. அவ சிரிச்சது இதுல மட்டும்தான் கீது.”

படத்தில் இருப்பவர் அசையாமல் நின்றால் இப்படி உடைந்த முகமும் கொஞ்சம் தெளியும். “எங்கயாவது நிக்கிறாளா பாய்?” என்றேன்.

“இல்ல தம்பி. ஓடிக்கினே கீறா.”

அவர் மூக்கு மறுபடியும் கண்ணாடியை ஒட்டிக்கொண்டது.

இன்றும் ஏதாவது குழந்தை கேமரா முன்னால் ஓடினால், “கொஞ்சம் நில்லேன்!” என்று கத்திவிடுகிறேன்.