இடது புருவத்துக்கு மேலே

அவர் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவர். பதினோரு ஆண்டுகளாக இடது புருவத்துக்கு மேலே தலைவலி. மாதத்தில் இருபது நாளாவது வரும். விடுப்பே எடுக்காத ஒரே ஊழியர் அந்த வலிதான் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள்.

மாத்திரை, அக்குபங்சர், கழுத்துப் பயிற்சி என்று எல்லாவற்றையும் அவர் முயன்றவர்தான். ஆனால் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்று. புதிதாகப் பார்த்த டாக்டரம்மா எல்லாவற்றையும் சேர்த்தே செய்யச் சொன்னார்: மாத்திரை, கழுத்துப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, வாரம் ஒருமுறை மனநல ஆலோசகருடன் பேச்சு. கூடவே ஒரு நோட்டு. வலி வந்த நேரத்தையும் அதற்கு முன் நடந்ததையும் தினமும் எழுத வேண்டும். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் வேலையை விடுவது நல்லது என்றார். வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர் ஆடிப்போனார்.

இரண்டு மாதம் ஆகியும் குறையவில்லை. ஆலோசகர் நோட்டைப் புரட்டினார். அப்படியே அச்சுக்கு அனுப்பலாம், அவ்வளவு சுத்தம். ஆனால் முதல் நாளுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரே வரி சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது.

“என்ன சார் இது?”

“கூறியது கூறல். ஒருதடவை எழுதியாச்சே, தினம் எதுக்குன்னு எடுத்துட்டேன்.”

எடுக்கப்பட்ட வரி: ‘வந்து உட்கார்ந்தார்.’ யார் என்று ஆலோசகர் கேட்டதும் சொன்னார்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், உயிரோடிருந்த ஒருவரின் படம், இவர் கண்ணைத் தப்பி, இரங்கல் பக்கத்தில் வெளியாகிவிட்டது. படத்துக்குரியவரே அலுவலகத்துக்கு வந்தார். கத்தவில்லை. இவர் மேசைக்கு எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, “பார்த்துப் போடுங்க” என்று மட்டும் சொல்லிப் போனார். பத்தாம் நாள் அதே பக்கத்தில் அவர் படம் மீண்டும் வந்தது. இம்முறை பிழையில்லை.

இதை இவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இனி எதையும் அடிக்காதீர்கள், வீட்டிலும் சொல்லுங்கள் என்றார் ஆலோசகர். சொன்னார். “பதினோரு வருஷமா என் டிவி சத்தத்தாலதான் தலைவலின்னீங்களே” என்றாள் மனைவி. பிறகு வெகுநேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் மாதம் வலி ஆறே நாளாகக் குறைந்தது. மாத்திரையா, கழுத்தா, பேச்சா, எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. பிழை எங்கே என்று தெரியாமலே பிழை போனது பிழை திருத்துபவருக்குப் பிடிக்கவில்லை.

டாக்டரம்மா நோட்டைப் பார்த்தார். “வலி இல்லாத நாள்லயும் அந்த வரி இருக்கே?”

“அவர் தினம் வர்றாருங்க. வலிதான் கூட வர்றதில்ல.”

வேலையில் தொடரலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். மாத்திரையை மட்டும் குறைக்கவில்லை.