தொலைந்த ஸ்பானர்

2005 அளவில், லண்டன் வெம்பிளியில் எங்கள் ஊராள் ஒருவரின் கராஜில் லிபியக்காரர் ஒருவர் வேலை செய்தார். நரைத்த மீசை, கழுத்துவரை பூட்டிய ஓவரோல். சுவர்ப் பலகையில் ஒவ்வொரு ஸ்பானரின் உருவத்தையும் கீறி வைத்திருந்தார். எல்லாம் திரும்பி வந்து தொங்கும்வரை எந்தக் காரையும் வெளியே விடமாட்டார்.

என் காரைத் திருத்தக் கொடுத்த அன்று ஒன்று குறைந்தது. நான் வேலை ஷிப்டுக்குப் பிந்திக்கொண்டிருந்தேன்; அவரோ என் காரின் முன்மூடி பொனற்றை மறுபடி திறந்தார்.

"எத்தினை தரம் சொல்லிட்டன் அண்ணை, இது பிளேனில்லை, காரெண்டு! இந்த மனிசன் கேக்குதில்லை," என்று முதலாளி என்னிடம் சினந்தார்.

ஸ்பானர் பற்றரிக்கு அடியில் கிடந்தது. லிபியக்காரர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "இருபது வருடம் எங்கள் விமானப்படையில் மெக்கானிக். விமானிகளைவிட விமானங்கள் அதிகம். பாதி வெயிலில் நின்றே வீணாயின. ஆனால் நான் பார்த்து அனுப்பிய ஒன்றுகூடப் பழுதாகி விழவில்லை."

"அவை எங்கே குண்டு போட்டன?"

"தெற்கே, சாட் நாட்டில். அது வேறு பிரிவின் வேலை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் பதுங்குகுழிப் பங்கருக்குள் கிடந்தபோது, மேலே சுற்றிக் குண்டு போடும் அரசாங்க விமானம் பழுதாகி விழாதா என்று தினமும் வேண்டியவன் நான். ஒருநாளும் விழவில்லை. அந்த விமானப்படையிலும் இப்படி ஒரு நேர்மையான மனிதர் ஸ்பானர் எண்ணியிருக்கிறார்.