எங்கள் கதையைக் கேட்காத கணினி

சில வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்துக் குருநகரில் தவக்காலம் பாதிக்கு மேல் கடந்திருந்த நேரம் அது. எங்கள் கத்தோலிக்கப் பங்கில் தவக்கால மாலைகளில் கோயிலில் கூடி, ஆண்டவரின் பாடுகளை ஒப்பாரி ராகத்தில் பாடுவார்கள். முன்பாட்டு என் கணவருடையது. கடலுக்குப் போகிற மனிதர். குரல் எடுத்தால் மைக் தேவையில்லை. பெரிய வெள்ளியன்று, தாய் தன் மகனின் உடலை மடியில் வைத்து அழுகிற பகுதியை அவர்தான் பாடுவார். அவருக்கு முன் அவருடைய தகப்பன் பாடியது. அதை வேறொருவர் பாடுவதை அவர் நினைத்தும் பார்த்ததில்லை.

தவக்காலம் வந்தால் பாட்டுக்காரர்களுக்குத் தொண்டை கட்டும். எங்களிடத்தில் அது ஒரு பெருமை. தொண்டை கட்டாதவன் மனம் வைத்துப் பாடவில்லை என்றுகூடப் பகிடி பண்ணுவார்கள். ஆகவே, இவருடைய குரல் அடைத்தபோது ஒருவரும் பயப்படவில்லை. "அண்ணையின்ரை தொண்டையிலை தவக்காலம் இறங்கிட்டுது" என்று சிரித்தார்கள். நானும் மிளகும் கற்கண்டும் இடித்துக் கொடுத்தேன். ஒன்றுக்கும் அடங்கவில்லை. வாய் ஓயாமல் நச்சரித்துத்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். என் வாயால் நடந்த நல்ல காரியங்கள் குறைவு, அதில் இது ஒன்று.

அங்கே ஓர் இளம் பெண் டாக்டர். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, உள்ளே இருப்பதைத் திரையில் காட்டினார். கோயிலை நிறைத்த அந்தக் குரல் இந்த இரண்டு சின்ன மடிப்புகளிலிருந்தா வந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டும் தடித்திருந்தன. இவர் தன் பாட்டுக் கதையை முழுவதும் சொன்னார். டாக்டரும் பங்குக் கோயில் பாட்டு கேட்டு வளர்ந்தவர்தான். "எங்கடை அப்பாவும் பாடுறவர் ஐயா. அவருக்கும் இப்பிடித்தான் கட்டும்" என்றார். சத்தம் போடாமல் இருக்கும்படியும், உயிர்த்த ஞாயிறு முடிந்தும் குறையாவிட்டால் வரும்படியும் சொன்னார்.

புறப்படும்போது ஒரு விஷயம் கேட்டார். தொண்டைப் படங்களைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்கிப் பரீட்சித்துப் பார்க்கிறார்களாம். பெயர் போடாமல், இலக்கம் மட்டும் போட்டு இவருடைய படங்களையும் அதற்குக் கொடுக்கலாமா என்றார். "தாராளமாக் குடுங்கோ பிள்ளை. அப்பிடியே அதுக்கு ரெண்டு பாட்டும் பழக்குங்கோ" என்று சிரித்துக்கொண்டே சம்மதித்தார் இவர்.

அடுத்த கிழமையே டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். போனோம். திரையில் அதே படம். இடப்பக்க மடிப்பின் ஓரத்தில் ஒரு சிறு வெள்ளைத் திட்டு. அதைச் சுற்றிக் கணினி சிவப்புக் கோடு போட்டிருந்தது. நிறையப் பேருடைய படங்களை, இன்ன படத்தில் இன்ன நோய் என்று சொல்லிச் சொல்லிக் காட்டினால், வித்தியாசத்தை அதுவே கற்றுக்கொள்ளுமாம். பிழையும் விடுமாம். வெறும் சளியைச் சுற்றிக்கூடக் கோடு போட்டிருக்கிறதாம். ஆனால், கோட்டைப் பார்த்த பிறகு தானும் திரும்பவும் உற்றுப் பார்த்ததாகவும், இதை விட்டுவைக்க மனம் வரவில்லை என்றும் டாக்டர் சொன்னார்.

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பாடினதாலை வந்தது எண்டு நீங்கள்தானே பிள்ளை சொன்னனீங்கள்?"

"ஓம் ஐயா. உங்கடை கதையைக் கேட்டுப்போட்டுத்தான் நான் படத்தைப் பாத்தனான். அதுக்கு உங்கடை கதை தெரியாது. படம் மட்டும்தான் தெரியும்."

பிறகு, பாட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, குரல் முதலில் எப்போது அடைத்தது என்று கேட்டார். தவக்காலம் தொடங்கத்தான் என்றார் இவர். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மார்கழியில், இயேசு பிறந்த நத்தார் பூசையிலேயே இவர் பாடவில்லை. குரல் எழும்பாமல் சும்மா கைதட்டிக்கொண்டு நின்றார். அப்போது பனி என்றோம். அதற்குப் பிறகு கடல் காற்று என்றோம். சொல்ல ஒரு காரணம் எப்போதும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. நான் அதைச் சொன்னபோது இவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

மயக்கி, அந்தத் திட்டில் சிறு துண்டு வெட்டிப் பரிசோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். அதன் பிறகு கொஞ்ச நாள் வாயே திறக்கக் கூடாது. பெரிய வெள்ளி கிட்டத்தில் வந்துவிட்டது. "பெரிய வெள்ளி முடிய வாறன்" என்று இவர் எழுந்துவிட்டார். வராந்தாவில் வைத்து என்னிடம், "அப்பா பாடின பாட்டு. ஒரு மெசின் கோடு போட்டதெண்டு விடச் சொல்லுறீரோ?" என்றார்.

அத்தனை சனத்துக்கு நடுவில் அழுதுவிட்டேன். "பாட்டை ஆரும் பாடட்டும். எனக்கு நீங்கள் வேணும்" என்றேன். கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் அப்படி ஒரு வார்த்தை நான் அவரிடம் சொன்னதில்லை. மறுநாள் காலையில், ஆஸ்பத்திரிக்குப் போக அவர் தன் உடுப்புப் பையைத் தானே எடுத்து வாசலில் வைத்தார்.

பெரிய வெள்ளியன்று வேறொருவர் பாடினார். நன்றாகத்தான் பாடினார். இவர் முன் வாங்கில் உட்கார்ந்திருந்தார். சத்தம் இல்லாமல் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் பெண்கள் பக்கத்திலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டில் ஒரு வரிகூட என் காதில் விழவில்லை.

பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய், ஆரம்ப நிலை. கதிர் சிகிச்சைக்குக் கிழமைக்கணக்காக பஸ்ஸில் போய் வந்தோம். தொண்டை வெந்து, கஞ்சி விழுங்கவே பட்ட பாடு எனக்குத் தெரியும். இன்றைக்கு அவர் கடலுக்குப் போகிறார், சாப்பிடுகிறார், என்னோடு சண்டை பிடிக்கிறார். குரல் மட்டும் பழையபடி வரவில்லை. மணலில் வள்ளம் இழுபடுகிற மாதிரி ஒரு கரகரப்பு. கணினிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல், டாக்டருக்கு ஒரு பை நிறைய இறால் கொண்டுபோய்க் கொடுத்தார். "கோடு போட்டது அது. நத்தார்க் கதையைச் சொன்னது இந்த அம்மா. நான் நடுவிலை நிண்டனான்" என்று சொல்லி அவர் வாங்கிக்கொண்டார்.

இப்போதெல்லாம் வீட்டில் யாராவது எங்கேயோ நோகுது என்று சொல்லி, கையோடு அதற்கொரு காரணமும் சொல்லத் தொடங்கினால் நான் விடுவதில்லை. காரணம் பிறகு, முதலில் இடத்தைக் காட்டுங்கோ என்பேன். இவர் இப்போது பின்பாட்டில்தான் சேருகிறார். அத்தனை குரல்களுக்குள் அந்தக் கரகரப்பை என்னால் மட்டும் பிரித்தறிய முடியும். பெரிய வெள்ளியன்று, உயிர் போன உடலை மடியில் வைத்து ஒரு தாய் அழுகிற பாட்டுக்குள் அதைத் தேடிப் பிடிக்கும்போது, இவருக்காக அப்படி அழும் நிலை எனக்கு வராமல் போனதை நினைத்து, பாட்டு முடியும்வரை முழங்காலிலேயே நிற்கிறேன்.