குறைத்து வைத்த நட்சத்திரம்

நாலு நட்சத்திர ஹோட்டல் என்று கேள்விப்பட்டால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நீச்சல்குளம் இருக்கும், வாசலில் தொப்பி போட்ட ஆள் நின்று கார்க் கதவைத் திறந்துவிடுவார், ஒரு தேத்தண்ணீருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக் காசைக் கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வீட்டு அறைகளை ஆட்களுக்கு விடுகிற செயலியில் நாலு நட்சத்திரத்துக்கு வேறு அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே ஐந்துதான் பாஸ். நாலு என்றால் பெயில். மூன்று விழுந்தால் குற்றப்பத்திரிகை மாதிரி ஒரு கடிதம் வரும். தங்கிப்போகிறவருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் நாலைத் தொட்டு, நல்ல வீடு, நல்ல மனிதர்கள் என்று எழுதி, எங்களைப் பாராட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுவார்.

உடுவிலில் நாங்கள் இருக்கும் வீடு என்னுடையதல்ல. அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. அக்காவும் அத்தானும் கனடாவுக்குப் போய்க் கனகாலம். எனக்குத் தந்த காணி வலிகாமம் வடக்கில் இன்னும் இராணுவத்தின் முட்கம்பிக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. அதில் இருந்த வீட்டின் அத்திவாரமாவது மிஞ்சியிருக்கிறதோ தெரியாது. அக்காவின் வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நானும் கணவரும் இங்கே இருக்கிறோம். பார்த்துக்கொள்கிறோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. எங்களுக்குப் போக வேறு இடமில்லை.

அத்தான் விற்கத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றபோது அக்காதான் ஒரு வழி சொன்னாள். முன்பக்கத்து இரண்டு அறைகளையும் செயலியில் போடு, வருகிறதில் வீடு தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டால் அவர் வாயைத் திறக்கமாட்டார் என்றாள். "அந்த அப்பிலை வீடு நிக்குமட்டும் நீங்கள் இருக்கலாம். அதுக்குப் பிறகு என்னாலை அவரோடை மல்லுக்கட்ட ஏலாதடி" என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள். அவளில் குறையில்லை. அன்றிலிருந்து எங்கள் தலைக்கு மேலிருந்த கூரை, முன்பின் தெரியாதவர்களின் விரல்நுனியில் தொங்கியது.

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு கரையத் தொடங்கியது. ஒரு வெள்ளைக்காரர், விடியப்புறம் கோயில் ஸ்பீக்கர் பாடுகிறது என்று ஒன்றைக் குறைத்தார். பிள்ளையாரை எழும்ப வேண்டாம் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண், தண்ணீர் சுடவைக்கிற கெற்றிலுக்குள் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது என்று படம் பிடித்துப் போட்டாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருகிறது. கொதிக்க வைத்தால் படியத்தான் செய்யும். அதைக் குடித்துத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். புதுக் கலியாணச் சோடி ஒன்று, "எந்த ஊர், ஆரின்ரை பிள்ளையள்?" என்று நான் கேட்டதற்காகக் குறைத்தது. வீட்டுக்காரி தனிப்பட்ட விஷயங்களைத் துருவுகிறாளாம். வந்தவரை எந்த ஊர் என்று கேட்காமல் விடுவதுதான் எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு.

கட்டில் விரிப்பு, என் வாய், நிலத்துக்குக் கீழே இருக்கிற கல், பிள்ளையார் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டிப் பிரித்து ஒரு எண் வரும். அந்த எண்ணுக்கு நான் பொறுப்பு. இதில் என்ன நியாயம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. தங்கிப்போகிறவர்களுக்கு நாங்களும் நட்சத்திரம் போடலாம்தான். தண்ணீர்க் குழாயைத் திறந்தபடி விட்டு ஊர் சுற்றப் போனவருக்கும், புதுத் துவாயால் சப்பாத்தைத் துடைத்தவருக்கும் நான் ஐந்துதான் போட்டேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை, பயம். நாளைக்கு வருகிறவர் என்னைப் பொல்லாதவள் என்று நினைத்துவிட்டால்?

பிறகு எச்சரிக்கை வந்தது. உங்கள் சராசரி எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, இன்னும் இறங்கினால் உங்கள் வீடு நீக்கப்படும் என்று. கீழே ஒரு சிரிக்கிற முகத்தின் படம். கெற்றிலைத் தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய்த்தேன். குடிக்கத் தண்ணீர்ப் போத்தில் வாங்கி வைத்தேன். சுவர் மூலையெல்லாம் ஏணி வைத்துத் துடைத்தேன். பல்லிகளைத் துரத்தினேன், அவை போகவில்லை. "என்ன, திரும்பவும் வீடு குடிபூரலோ செய்யப்போறாய்?" என்று கணவர் பகிடி விட்டார். நான் சிரிக்கவில்லை. அவரும் பிறகு துடைப்பத்தை எடுத்தார்.

அப்போதுதான் லண்டனிலிருந்து அந்த அம்மா வந்தார். எழுபது தாண்டிய மனுஷி, தனியாக, ஒரு பெரிய பெட்டியோடு. அவரைக் குசினிக்குக் கூப்பிட்டு இருத்திக் கதைக்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆனால் அந்தச் சோடியிடம் சூடு கண்டவள் நான். வாயைப் பூட்டிக்கொண்டு, திறப்பைக் கொடுத்து, வைஃபை இலக்கத்தைக் காட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அடுத்த நாள் காலையில் அவரே குசினி வாசலில் வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, ஒண்டும் கேக்கிறாய் இல்லை? நான் ஆர், எந்த ஊர் எண்டு உனக்குத் தெரிய வேண்டாமே?"

அவர் முகம் வாடியிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று மத்தியானம்வரை கதைத்தோம். சொந்த ஊர் வட்டுக்கோட்டையாம். பிறந்த வீடு கைமாறி, இடித்து, மாடியாகிவிட்டது. அதைத் தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தார். அதன் பிறகு அவருக்கு அறையில் இருப்பே இல்லை. காலையில் என்னோடு தேங்காய் துருவுவார். மானிப்பாய்க்கு பஸ் ஏறிப் போய் மரக்கறி வாங்கி வருவார். நான் எது சமைத்தாலும் சாப்பாட்டுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "பிழையில்லை" என்பார். எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு பாராட்டு இல்லை. வாய்விட்டுப் புகழ்வது கெடுதல் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஒருநாள் மாமரத்தை அண்ணாந்து பார்த்து, "உப்பிடிக் காய்க்கிற..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, நிலத்தில் தூ தூ என்று துப்பினார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

போகிற அன்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். வாற வருசமும் வருவன், இஞ்சைதான் நிப்பன் என்றார். நானும் அழுதேன். இந்த ஒருவரால் எங்கள் எண் ஏறிவிடும் என்ற நம்பிக்கையும் அந்த அழுகைக்குள் இருந்தது, அதை ஏன் மறைக்க.

அவர் லண்டன் போய்ச் சேர்ந்ததும் கருத்து வந்தது. அம்மா வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருந்தது, ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே நாலு நட்சத்திரம். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுத் திரும்ப எண்ணினேன். நாலுதான். அடுத்த நாள் செயலியில் எங்கள் வீட்டைத் தேடினால் அது இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. குசினியில் பாத்திரங்களோடு சேர்த்து அந்த மனுஷியையும் போட்டு உருட்டினேன். ஊட்டாத குறையாகப் பார்த்தேனே, ஒரு நட்சத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு போக எப்படி மனம் வந்தது? கணவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒருக்கால் போன் எடுத்துக் கேளன்" என்றார். அந்த அம்மா தந்த இலக்கம் இருந்தது. எடுத்தேன்.

"அன்ரி, என்னிலை ஏதும் பிழையே?"

"என்ன கதை பிள்ளை கதைக்கிறாய்? வந்த நாள் தொடக்கம் இஞ்சை உன்ரை புராணம்தான் பாடுறன்."

"அப்ப ஏன் அன்ரி நாலு போட்டனீங்கள்?"

"பின்னை? அஞ்சையும் அப்பிடியே அள்ளிக் குடுக்கிறதே? உலகம் முழுக்கப் பாக்கிற இடத்திலை ஒரு குறையும் இல்லை எண்டு எழுதிப்போட்டு, நட்சத்திரத்தையும் முழுசாய்ப் போட்டால் நாவூறு பட்டிடும் பிள்ளை. அதுதான் ஒண்டைக் குறைச்சு வைச்சனான். குழந்தைக்குக் கன்னத்திலை கறுத்தப் பொட்டு வைக்கிறேல்லையே, அப்பிடி."

திட்டுவதற்கென்று சேர்த்து வைத்த சொற்களையெல்லாம் விட்டுவிட்டேன். மூடநம்பிக்கை என்று சொல்லவும் எனக்கு வாயில்லை. அவர் போன அன்று, இத்தனை நல்ல மனுஷி வாழ்த்திப்போன வீடு என்று, செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டவள் நான். நானாக இருந்தாலும் ஒன்றைக் குறைத்துத்தான் வைத்திருப்பேன். அந்த நாலு என்ன செய்துவிட்டது என்று மெல்லச் சொன்னேன். மறுபக்கத்தில் அழுகை கேட்டது. "ஐயோ பிள்ளை, நான் காவலெண்டு நினைச்செல்லே செய்தனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நட்சத்திரத்தை மாற்றப் பார்த்தார். வெளிவந்த கருத்தை மாற்ற முடியாது என்று செயலி சொல்லிவிட்டது.

நிறுவனத்துக்கு எழுதினோம். நாவூறை இங்கிலீசில் எப்படி எழுதுவது? அகராதியைப் புரட்டி, எங்கள் வீட்டின் மேல் தீய கண் விழுந்து கெடுதி வரும் என்று அந்த விருந்தினர் சொன்னார், அதனால்தான் ஒன்றைக் குறைத்தார் என்று ஒருமாதிரி எழுதி அனுப்பினோம். பதில் உடனே வந்தது. உங்கள் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம், விருந்தினர் உங்களுக்கோ உங்கள் வீட்டுக்கோ கெடுதி செய்வதாக மிரட்டினாரா? ஓம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். ஓம் என்றால் அவருடைய மதிப்பீடு உடனே நீக்கப்படும், உங்கள் வீடு மறுபடி பட்டியலுக்கு வரும், அவர் இனி எங்கும் இந்தச் செயலியால் தங்க முடியாது என்று கீழே விளக்கம்.

கணவர் என் தோளுக்கு மேலால் வாசித்தார். "ஓம் எண்டதை அமத்து" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

நான் அந்த அம்மாவுக்குத் திரும்ப எடுத்து, அவர்கள் கேட்டிருந்ததை வாசித்துக் காட்டினேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவர் தடுப்பார் என்று நினைத்தேனோ, அவர் வாயால் ஓம் என்று வரட்டும் என்று நினைத்தேனோ.

"அமத்து பிள்ளை. வெருட்டினவ எண்டே எழுது. இந்த வயசிலை என்னைப் பிடிச்சு மறியல்சாலையிலையே போடப்போயினம்? எனக்கு உங்கை வாறதெண்டால் உவையளைக் கேட்டே வரவேணும்?" என்று அவர் அழுகைக்குள்ளும் அதட்டினார்.

ஓம் என்பதை அமத்தினேன். அதோடு முடியவில்லை, இன்னொரு பெட்டி திறந்தது. அவர் எப்படி மிரட்டினார் என்பதை உங்கள் சொற்களில் எழுதுங்கள். அவர் பெயரை அங்கே அவர்களே போட்டிருந்தார்கள். "இவர் என் வீட்டுக்கு" என்று தொடங்கினேன். என் வீட்டுக்கு வந்து என்ன செய்தார்? தேங்காய் துருவினார். பிழையில்லை என்றார். மாமரத்துக்குக் கண்பட்டுவிடும் என்று துப்பினார். வெகுநேரம் அந்தப் பெட்டிக்குள் எழுத்துக்கோடு மின்னி மின்னி எனக்காகக் காத்திருந்தது. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் நல்லது நினைத்ததை எழுத அங்கே இடமில்லை. திரும்பிப் போய் இல்லை என்பதை அமத்தினேன். தகவலுக்கு நன்றி, உங்கள் முறைப்பாடு முடித்துவைக்கப்பட்டது என்று வந்தது. அதே சிரிக்கிற முகம்.

கணவர் வந்து பார்த்துவிட்டு, முன்னறைகளின் கட்டில் விரிப்புகளை மடித்து வைத்தார். அக்காவிடம் சொன்னேன். "சரி விடு, நான் அத்தானிட்டைச் சொல்லுறன்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

போன கிழமை அத்தான் பேசிவிட்ட தரகர், வீடு வாங்க ஒருவரைக் கூட்டிவந்தார். சுவிஸிலிருந்து வந்தவர், என் வயதுதான் இருக்கும், எங்கள் பக்கத்து ஆள்தான். சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு அறை அறையாகப் போனார். கதவுகளைத் தட்டிப் பார்த்து, "முழுக்க முதிரை மரமெல்லே!" என்றார். கிணற்றை எட்டிப் பார்த்து, "தண்ணியெண்டால் தண்ணி!" என்றார். கூடத்தின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தார். "இப்பிடி ஒரு வீட்டை நான் இந்தப் பக்கத்திலை காணேல்லை. ஒரு குறை சொல்ல ஏலாது. காத்தும் வெளிச்சமும், என்ன மாதிரி வைச்சிருக்கிறியள்!"

எதையும் மிச்சம் வைக்காமல் புகழ்ந்தார். யாராவது வீட்டை அப்படிப் புகழ்ந்தால் மனதுக்குள் உடனே நாவூறு கழிப்பவள் நான், கை தானாக உப்புக்குப் போகும். அன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். படட்டும் என்று வேண்டினேன். இந்த மனுஷனின் நா இந்த வீட்டில் நன்றாகப் படட்டும், இப்போதே ஒரு கூரை வளை முறிந்து விழட்டும், கிணறு உவர்க்கட்டும், சுவர் அவர் கண் முன்னாலேயே வெடிக்கட்டும் என்று ஒவ்வொரு தெய்வமாகக் கூப்பிட்டு வேண்டினேன். கணவர் என் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றார். அவரும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வந்தவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, அடுத்த கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். ஓம், வாங்கோ என்றேன்.