ரங்காவின் தீட்டு

கும்மிடிப்பூண்டி இரும்பாலை ஒன்றில் ஸ்டோர் கிளார்க்காக இருந்த யதிராஜனுக்கு, 1972 ஆகஸ்டு பதினைந்து காலை பதினோரு மணி வரை, தியாகி பரம்பரை என்ற பெருமையில் ஒரு குறையும் இருக்கவில்லை. அவருடைய தாத்தாவின் தம்பி ரங்கா 1911-இல் ஒரு வெள்ளைக்கார அதிகாரியைச் சுட்டுவிட்டு, செவ்வாப்பேட்டைப் பக்கம் ஏரிக்கரையில் தன்னையும் சுட்டுக்கொண்டவர். அவர் விட்டுப்போன குடை மணவாள நகர் வீட்டில் பெருமாள் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. அடைமழையிலும் அதைத் தொட மனைவி கோமளவல்லிக்கு அனுமதி கிடையாது.

சுதந்திர வெள்ளிவிழாவுக்கு ஆலையில் மேஜை போட்டுக் குடையை வைத்தார்கள். யதிராஜனுக்குச் சால்வை போர்த்தினார்கள். அரை மணி நேரம் பேசினார். துப்பாக்கியைப் பிடித்ததே இவர்தானோ என்று கூட்டம் நம்பத் தொடங்கியபோது மேனேஜர் மணியடித்துவிட்டார்.

கீழே இறங்கியதும் கிரேன் ஓட்டும் அமானுல்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, அந்த உடம்பைத் தூக்கினவங்கள்ல எங்க பாட்டனும் ஒருத்தரு. பழவேற்காட்லேர்ந்து கருவாட்டு வண்டி ஓட்டிக்கினு போனவரு. சாவுற வரைக்கும் வருஷா வருஷம் அந்த நாள்ல ஃபாத்திஹா ஓதிக்கினு இருந்தாரு. நீங்க என்னிக்கு திதி குடுக்குறீங்க?"

"தை மாசம், பாய்."

"தையா? இன்னா சாமி, ஆவணி மழைல ஊறிக் கெடந்தாருன்னு சொல்வாரே!"

தை என்பது யதிராஜன் வாய்க்கு வந்த மாதம். சாவுச் செய்தி வந்த அன்று அவர்கள் வீட்டுக் கிணற்றடியில் போலீஸ் நின்றது. எவன் சாவுத் தீட்டுக்கென்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறானோ அவன் பங்காளி, பங்காளிக்கு விலங்கு. தாத்தா வாசலில் நின்று, "எங்களுக்குத் தீட்டு இல்லை" என்றார். ஒருவர் தலையும் நனையவில்லை. சாஸ்திரப்படி பார்த்தால் ரங்கா அந்தக் குடும்பத்தில் இன்னும் உயிரோடுதான் இருந்தார். சுதந்திரம் வந்ததும் பரணிலிருந்து குடை இறங்கியது, திதி இறங்கவில்லை.

கருவாட்டு வண்டிக்காரருக்குத் தெரிந்த நாள் இவருக்குத் தெரியவில்லை.

யதிராஜன் நேரே ஆலைக் குழாயடிக்குப் போனார். சால்வையோடு உட்கார்ந்து குழாயைத் திறந்தார். மேனேஜர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னய்யா ஆச்சு?"

"சின்னத் தாத்தா தவறிட்டார் சார்."

"அடடா! எப்போ?"

"அறுபத்தோரு வருஷமாச்சு." யதிராஜன் பின்னாலேயே வந்து நின்ற அமானுல்லாவைப் பார்த்தார். "எங்காத்துல அன்னைக்கு யாரும் ஸ்நானம் பண்ணலை, பாய். போலீஸ் பார்த்துண்டு நின்னான்."

"அறுபத்தோரு வருஷத்துக்கெல்லாம் லீவு கிடையாது" என்றார் மேனேஜர்.

அமானுல்லா குனிந்து, குழாயை இன்னும் இரண்டு சுற்றுத் திறந்துவிட்டார்.