சுருண்டுகொண்ட கடல் சாமந்தி

என் அக்கா ஒரு கல்லூரி அருங்காட்சியகத்தில் செடிகளையும் சிறு பிராணிகளையும் பதப்படுத்துகிறாள். அன்று அவள் மேசையில் இரண்டு இருந்தன. ஒன்று, மலையுச்சிப் பாறையிடுக்கில் பூக்கும் ஊதாப் பூ. மற்றது கடல் சாமந்தி. பெயரிலும் தோற்றத்திலும்தான் பூ. உண்மையில் கடற்பாறையில் ஒட்டிக்கொண்டு இரை பிடிக்கும் சின்னப் பிராணி. இரண்டையும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் அருகருகே வைக்க வேண்டும்.

பூ சுலபம். தாள்களுக்கிடையே அழுத்திக் காயவைத்தால், செத்த பிறகும் மலர்ந்தே இருக்கும். கடல் சாமந்தியைத் தொட்டித் தண்ணீரில் விட்டு, மென்தால் தூவி மெல்ல மயங்கவிட வேண்டும். தொட்டாலும் அசையாதபோதுதான், அழுகாமல் காக்கும் ஃபார்மலினை ஊற்ற வேண்டும். முந்தினால் இதழ்போல் விரிந்த கைகளை உள்ளிழுத்துச் சுருண்டுவிடும்.

"தாலாட்டு ஒண்ணுதாம்மா பாக்கி," என்று காவலாளி கேலி செய்துவிட்டுப் போனார்.

அக்கா சிரிக்கவில்லை. அத்தானைப் பிரிந்தபோது மகள் அவரோடு போய்விட்டாள். இப்போது அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். அம்மாவிடம் தங்குவதா, அப்பாவோடு போவதா என்று மகள் அன்று அங்கேயே நேரில் வந்து சொல்வதாக இருந்தது. 'எப்பப் பாத்தாலும் உனக்கு வேலைதான்' என்பது அவளுடைய பழைய குறை. அவள் வரும்போது வேலையை முடித்து, கை கழுவிக்கொண்டு நிற்க நினைத்தாள் அக்கா.

உதவிக்குப் போயிருந்த நான் தொட்டிக்குள் பார்த்தேன். ஒரு கை அசைந்தது.

"இன்னும் தூங்கலை போலக்கா."

"தூங்கிடுச்சுடி. பாப்பா வந்துடுவா, தள்ளு."

ஊற்றினாள். கண்ணெதிரே அத்தனை கைகளும் உள்ளே போயின. பழுப்பு உருண்டை ஒன்று மிஞ்சியது.

அவள் கையுறையைக் கழற்றுவதற்குள் மகள் வந்துவிட்டாள். வாசலைத் தாண்டவில்லை.

"வேலையா இருக்கியாம்மா?"

"இல்லடி, முடிச்சிட்டேன். வா, வா."

மகள் மேசையை எட்டிப் பார்த்தாள். "இந்தப் பூ நல்லாருக்கு. அது என்ன, கல்லா?"

அக்கா கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நான் அப்பாகூடவே போறேம்மா. கீழ வண்டி நிக்குது."

"சாப்டியா?"

"ஆச்சு."

படியில் செருப்புச் சத்தம் இறங்கி ஓய்ந்தது. அக்கா கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள். இடுக்கியை எடுத்து, உருண்டைக்குள்ளிருந்து ஒரு கையையாவது வெளியே இழுக்கப் பார்த்தாள்.

"கிழியுதுக்கா. விடு."

அவள் விடவில்லை.